சிவப்பு மையில் ‘பார்த்தேன்’

ஜூன் 9
பெரிய பேத்தி மருத்துவ நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள்; கல்லூரியில் இடம் உறுதி. போன வருடம் சோம்பலால் கோட்டை விட்டாள். இந்த வருடம் பிடித்துவிட்டாள். எந்தப் பயிற்சி வகுப்பின் வாசலையும் மிதிக்காமல்! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தித் திருத்தியே படித்தவன். திருத்திய ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டுப் பழகிய கை இது. புத்தகம் இருக்கும்போது பயிற்சி வகுப்பு எதற்கு? பயிற்சியில் சேர்க்கச் சொன்ன மருமகள் இனி வாய் திறக்கட்டும், பார்க்கலாம்.

ஜூன் 12
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பயிற்சி நிலையத்தின் மாடி உயர விளம்பரப் பலகை. அதில் என் பேத்தி சிரிக்கிறாள். ‘எங்கள் மாணவி’யாம். யாருடைய மாணவி? அடப் பாவிகளா, பட்டப்பகலில்—

நாளைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

ஜூன் 13
எழுத்து கோணுகிறது.

பயிற்சி நிலையத்தில் போய்க் கத்தினேன். வரவேற்பு மேசைப் பெண் அசரவில்லை. “உக்காருங்க ஐயா, முதல்ல தண்ணி குடிங்க” என்றவள் ஒரு கோப்பினை விரித்தாள். சேர்க்கை விண்ணப்பம். பேத்தியின் படம். ஓரமெல்லாம் சிவப்பு மை. ‘பயிற்ச்சி’யில் ‘ச்’சை அடித்திருக்கிறது. பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் — ‘பார்த்தேன்’. என் கையெழுத்து.

“ஃபாரத்தையே திருத்திக் குடுத்த ஒரே ஆள் நீங்கதான். அதுக்கப்புறம் புதுசா அடிச்சோம்” என்று சிரிக்கிறாள்.

நினைவு வந்துவிட்டது. “தாத்தா, இதுல பிழை இருக்கான்னு பாருங்களேன்” என்று நீட்டினாளே. அப்பன் கப்பலில். வீட்டில் பாதுகாவலன் நான்தான். பிழையைப் பார்த்தேன், கையெழுத்தைப் போட்டேன். நாற்பது வருடக் கண்ணுக்கு எழுத்துதான் தெரிந்ததா? தினமும் நூலகம் என்று போனது இங்கேதானா?

ஜூன் 14
அவளுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்களை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15
கேட்டேவிட்டேன். “நான் வாங்கிக் குடுத்த புத்தகத்துல இல்லாதத என்னடி சொல்லிக் குடுத்தாங்க?”

“பாடத்துல புதுசா ஒண்ணும் இல்ல தாத்தா. தெரியாத கேள்விய விட்டுட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்கினாங்க. வாராவாரம், கடிகாரம் வெச்சு. உங்ககிட்ட ஒரு கணக்கு வரலன்னா எந்திரிக்க விடுவீங்களா? போன வருசம் பரீட்சைலயும் அப்படியே உக்காந்துட்டேன். கடைசி இருபது கேள்விய நான் பாக்கவே இல்ல.”

உள்ளேயிருந்து மருமகள்: “உங்க பேத்தியாச்சே மாமா, விடுவாளா?”

இருபது கேள்வி. அதைத்தான் சோம்பல் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேனா? ஒரு வருடம் முழுக்க, அவள் முகத்துக்கு எதிரேயே. வாயே திறக்கவில்லையே அந்தப் பெண்.

ஜூலை 2
சின்னப் பேத்தி அதே நிலையத்து விண்ணப்பத்தோடு வந்தாள். “தாத்தா, இதுல பிழை...”

“நடிக்காத. குடு இங்க.”

என்ன எழுதியிருக்கிறது என்று கடைசி வரிவரை படித்தேன். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லித்தரக் கட்டணம் கேட்பது அநியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரண்டாம் பக்கத்தில் ‘முயற்ச்சி’ என்று இருந்தது. கை பரபரத்தது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அவளுடைய நீலப் பேனாவை வாங்கி, ‘படித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.