ட்ரை இல்லை, த்ரீ

12 ஆகஸ்ட் 2004, வியாழன். படப்பை.

இன்று எங்கள் சர்க்யூட் போர்டு கம்பெனியிலேயே லேப் வேலைக்கு எனக்கு நேர்முகம். லேப் பொறுப்பாளர் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு காகிதத்தில் FeCl₃ என்று எழுதி, "இதுக்குப் பேர் என்ன?" என்றார்.

"அயர்ன் ட்ரைகுளோரைடு" என்று சொல்லிவிட்டேன்.

"ட்ரையா?" என்றார். அடுத்து FeCl₂ எழுதினார். "இந்த ரெண்டு டிரம்மும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணுதான் போர்டுல செம்பை அரிக்கும். பேரை மாத்திச் சொன்னா வேலையே கெட்டுடும்."

விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு குளோரினுக்கும் மைனஸ் ஒன்று. இரண்டு குளோரின் என்றால் இரும்புக்குப் பிளஸ் இரண்டு. இங்கே பெயரில் சொல்ல வேண்டியது குளோரின் எத்தனை என்பதல்ல, இரும்பின் மின்சுமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இது அயர்ன் டூ குளோரைடு, மேடம். மொதல்ல எழுதுனது அயர்ன் த்ரீ குளோரைடு. ட்ரைன்னு சொன்னது தப்பு."

மேடம் சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை லேப்புக்கு வந்துடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் தேவகியிடம் சொன்னேன். போர்டு செய்யும் லைனில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பக்கத்து நாற்காலி அவளுடையது. அவள் போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ என் பக்கத்துல புதுசா எவளாவது வந்து குந்துவாளா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளே சொன்னாள்: "லேப்புக்குக் கண்ணாடிச் சுவருதான கீது? டீ டைம்ல அங்க வந்து நில்லு. நான் கையாட்டுறேன்."

எனக்கு இப்போதே கை துறுதுறுக்கிறது.