இரண்டாவது ரங்கன்

அக்கா,

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஆற்றுக்கல் இன்று காலைவரை என் மேஜையில், பள்ளிப் பதிவேட்டின் நகல் தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாக இருந்தது. தூசி தட்ட அதை நகர்த்தினேன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் சிதறின. குனிந்து பொறுக்கும்போது ஒரு தாளில் என் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில் உங்கள் தம்பியின் பேர்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த உறைவிடப் பள்ளிக்கு உங்கள் இருளர் பதியிலிருந்து போன பிள்ளைகளில் சிலர் திரும்பவே இல்லை. பள்ளி மூடிப் பல வருஷம் கழித்து, மனு மேல் மனு போட்டுப் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கியது உங்கள் ஊர். படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றதும் பீளமேட்டிலிருந்து வந்த நாலு பேரில் நானும் ஒருவன். மில் டைம் ஆபீஸில் முப்பது வருஷம் வருகைப் பதிவேடு பார்த்தவன் என்று என்ன ஜம்பம் எனக்கு! "ஒரு பேரும் நம்மகிட்டத் தப்பாதுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "பாப்பமுங்க சாரு."

செவ்வாய்தோறும் நான் படிப்பேன், நீங்கள் கேட்பீர்கள். ஒருநாள், திரும்பி வராத உங்கள் தம்பியின் பேர், 'ரங்கன்' என்று வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "அடையாளம் என்னங்க போட்டிருக்குது?" முழங்காலில் மச்சம் என்றேன்.

"நம்ம பையன் இல்லீங்க. அவனுக்கு வலப்புருவத்துல வெட்டுக் காயமுங்க. எனக்கு எட்டு வயசுல அவன இடுப்புல தூக்கிட்டு ஓடுனேன். பாறை மேல தவற விட்டுப்போட்டு, அப்பவே வாரி எடுத்தேன்." சொல்லும்போதே உங்கள் கை இடுப்புக்குப் போனது.

இறந்தவருக்கு ஆற்றுக்கல் எடுத்து முன்னோர் கற்களோடு வைப்பது உங்கள் வழக்கம். தம்பிக்கு வைத்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "செத்தான்னு தெரிஞ்சாத்தானுங்க வெக்கோணும். உசுரோட இருக்கறவனுக்கு வெச்சா பாவமில்லீங்களா?" என்றீர்கள். கடைசியாக வந்த அன்று மூச்சு வாங்கியது. பையிலிருந்து இந்தக் கல்லை எடுத்து வைத்தீர்கள். "உங்ககிட்டயே இருக்கட்டும். கெடச்சா சொல்லியுடுங்க, வாரேன்."

ஆடி பிறக்குமுன் நீங்களே போய்விட்டீர்கள்.

மில்லில் ஒரே பேர், ஒரே அப்பா பேர், ஒரே பிறந்த தேதி இரண்டு தடவை வந்தால் அது கூலி திருட எழுதிய கள்ளப் பேர். யோசிக்காமல் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிடுவேன். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மலைப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி யாரும் கேட்கவில்லை. பள்ளி திறந்த நாளையே எல்லாருக்கும் எழுதியிருக்கிறார்கள். அப்பா பேர் என்று பாதிப் பேருக்கு, ஊர்த் தலைவரைச் சொல்லும் 'மூப்பன்'. ஒரே பக்கத்தில் இரண்டு ரங்கன். உங்கள் முன் படிக்க உட்காருமுன்பே இரண்டாவதை அடித்துவிட்டேன். அதை உங்களுக்கு வாசிக்கவே இல்லை.

இன்று வாசித்தேன். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கடைசிக் கட்டத்தில்: காய்ச்சல், இறப்பு, தெற்கு வேலியோரம் அடக்கம். ஊருக்குச் சொல்லி அனுப்பியதாக ஓர் எழுத்தும் இல்லை. அடப்பாவி மனுஷா என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். 

உங்கள் மகளுக்குப் போன் செய்து, என் தப்பையும் சேர்த்தே சொன்னேன்.  "அம்மா இருக்கறப்ப கண்ணுல படலீங்களா?" என்றாள். கல்லைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நாங்களே வந்து எடுத்துக்கறமுங்க. அம்மா கல்லுக்குப் பக்கத்துல மாமனுக்கும் வெச்சர்றமுங்க. நீங்க வர வேண்டாமுங்க."

அப்போதும் அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை கல் போய்விடும். இந்தக் கோடு என்னோடுதான் இருக்கும். எட்டு வயதில் நீங்கள் அவனைத் தவற விட்டீர்கள். அந்த நொடியே வாரித் தூக்கிக்கொண்டீர்கள். அறுபத்தைந்து வயதில், கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நான் தவற விட்டேன் அக்கா. இப்போது தூக்கி எடுத்தும், வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.