பச்சை சாஸ் கேட்டு எழுதியது

ஏப்ரல் 3

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் நல்ல சேதிகள். பெரிய பேரன் ரயில் எஞ்சின் ஓட்டுகிற பரீட்சையில் ஒரே தடவையில் தேறிவிட்டான். கூட எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேருக்குப் போச்சு. அவன் தங்கை, நம் சிட்டு, நீச்சலில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். அந்தக் கோப்பையில் ரெண்டு படி அரிசி கொள்ளும். என் மகள் வீட்டுப் பொடியனுக்கு நாலு வயசுதான், தூரத்தில் வரும்போதே பஸ் நம்பரைப் படிக்கிறான். கண்டக்டரே அசந்துபோனார். முதல் இரண்டு பேரும் உங்கள் மகள் பெற்ற பிள்ளைகள்தான், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாமா?

மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் என் குரல் தானாக ஏறிவிடுகிறது. எழுத்து என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். நீங்கள் கணக்கு டீச்சர், நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். சிட்டு இருபத்தைந்தாம் தேதி இங்கே வருகிறாள், நாற்பது நாள். அவள் பால், தயிர், நெய், முட்டை, கறி எல்லாம் விட்டு ஒரு வருஷம் ஆகிறதே, போன கோடையில் உங்கள் வீட்டில்தான் இருந்தாள். அதிலிருந்து போனைப் போட்டால், “அந்தப் பாட்டி ஒரு பச்சை சாஸ் பண்ணுவாங்க பாரு, அது இருந்தா காய்ஞ்ச ரொட்டிகூட இறங்கும்” என்கிறாள். எனக்குத் தெரிந்த சமையலில் முக்கால்வாசி வெண்ணெய். பிள்ளை என் வீட்டில் வந்து பட்டினி கிடக்கக் கூடாது. அந்த சாஸ் எப்படி என்று நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உப்பு போடத் தெரியாத உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தியம்மா,

கடிதம் கிடைத்தது. சேதிகளுக்கு மகிழ்ச்சி.

புதினா இரண்டு கைப்பிடி. கொத்தமல்லி ஒன்று. பூண்டு மூன்று பல். பச்சை மிளகாய் இரண்டு. வறுத்த எள் ஒரு மேஜைக்கரண்டி. அரை எலுமிச்சை. ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் நிறம் மாறாது. உப்பு உங்கள் விருப்பம்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோவில் என் பக்கத்தைக் காலண்டர் மறைத்துக்கொண்டிருப்பதாக சிட்டு சொன்னாள். நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 16

சம்பந்தியம்மாவுக்கு,

காலண்டர் காற்றில் நகர்ந்திருக்கும். அந்தச் சுவரில் ஆணி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே மூன்று தடவை அரைத்தேன். முதல் தடவை இலையைத் தின்ற மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை எலுமிச்சை கூடப் பிழிந்தேன், பல் கூசியது. மூன்றாவதைக் கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்தேன். அவர் நல்ல மனுஷர், “உடம்புக்கு நல்லதா இருக்கும்க்கா” என்றார். இதைவிட ஒரு அவமானம் உண்டா?

சிட்டு சொன்னது வழவழப்பாக, கொஞ்சம் புளிப்பாக இருக்குமாம். இதில் எள்ளு நறநறவென்று கிடக்கிறது. சம்பந்தியம்மா, நேராகவே கேட்கிறேன். எதையோ ஒளித்துவிட்டீர்கள். என் கோபம் என்னோடு. பிள்ளை வயிற்றில் எதற்குக் காட்ட வேண்டும்? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்று தடவை தோற்றவள்


ஏப்ரல் 22

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒளித்தது உண்மை. உங்களிடம் மட்டுமல்ல.

போன கோடையில் சிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலில் நீந்திவிட்டு வந்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நாலாம் நாள் அந்த சாஸில் இரண்டு கரண்டி தயிர் கலந்தேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு, “பாட்டி, நீங்க மந்திரக்காரி” என்றாள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? ஒரு மாதம் தினமும் கலந்தேன். விடைத்தாளில் அரை மார்க் கூட்டிப் போடாதவள் நான்.

நீங்கள் இதை அவளிடம் சொல்லலாம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அப்புறம் அவள் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மே 1

அன்புள்ள சம்பந்தியம்மா,

பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சர் மாட்டிக்கொண்டார் என்று குதிக்காத குறை. எதிரே உட்கார்ந்திருந்த சிட்டு, “யாரு பாட்டி எழுதியிருக்காங்க? இப்படிச் சிரிக்கிறீங்க?” என்றாள். கரண்ட் பில் என்றேன். “கரண்ட் பில்லுக்கா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்புறம் அவள் குளிக்கப் போனதும் கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நம் பிள்ளைகள் வீட்டில் நீங்கள், “உப்பு கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்றதும் நான் வைத்த குழம்புப் பானையைக் கரண்டியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேனே. மூன்றாவது ஸ்டாப்பில் மூடியைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் என்ன, நான் உப்பே போடவில்லை! அது தெரிந்துதான் மூன்று வருஷம் கோபமாக இருந்தேன். அந்தக் கரண்டியும் உங்கள் மகளுடையது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இங்கே பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள். தக்காளியையும் பூண்டையும் நெருப்பில் சுட்டு மசித்து, எண்ணெய் விட்டு ஒரு சிவப்பு சாஸ் செய்தேன். வேர்க்கடலை சாஸை ஆறிய நூடுல்ஸில் பிசறி, மேலே வெள்ளரியைச் சீவிப் போட்டேன். பச்சைக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. தயிர்தானே குறை என்று தெரிந்ததும் எனக்கு மூளை ஓடியது. வேர்க்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் நாலு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவையுங்கள். உறை மோர் இல்லாத நாளில் நாம் பாலுக்குச் செய்வதுதானே! மறுநாள் கெட்டியாகத் தோய்ந்திருந்தது. காம்பை எடுத்துவிட்டு, உங்கள் பச்சையில் இரண்டு கரண்டி கலந்தேன். சிட்டு நாக்கில் வைத்துவிட்டு, “அந்தப் பாட்டி பண்ற மாதிரியே இருக்கு!” என்றாள். மாதிரியே என்றது கொஞ்சம் சுட்டது, பரவாயில்லை.

நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு சீட்டு எழுதி ஒட்டி என் கவருக்குள் வையுங்கள். பிரிக்காமல் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மே 8

அன்புள்ள சம்பந்தியம்மா,

சீட்டு உள்ளே இருக்கிறது. ஏழு தடவை கிழித்து எழுதியது. அவள் சாப்பிட்டு முடித்த பிறகு கொடுங்கள், முன்னால் வேண்டாம்.

இங்கே ஒரு கிலோ வேர்க்கடலை ஊறுகிறது.

உங்கள் சம்பந்தி


மே 15

அன்புள்ள சம்பந்திக்கு,

சாப்பிட்ட பிறகுதான் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்தவள் மாதிரி கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை திறக்கவில்லை. தையல்காரர் இரண்டு தடவை வந்து, திறந்தாளா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “பாட்டி, உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “நீங்களும் எதையாவது கலந்தீங்களா?” என்றாள். “என் சமையல்ல உப்பே இருக்காது, தயிருக்கு எங்கடி போவேன்” என்றேன். பஸ் கதையையும் சொன்னேன். முதலில் உதட்டைக் கடித்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஆனால் விட்டுவிடவில்லை. “என் தட்டுல விழுறது எனக்குத் தெரிஞ்சுதான் விழணும். ரெண்டு பாட்டிக்கும்தான் சொல்றேன்” என்றாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி அதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். என் கையெழுத்துக்குக் கீழே உங்களுக்கு ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறாள். “ஜூன் முதல் வாரம் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போறேன், நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் என் கண் முன்னாடி அரைக்கணும்” என்று உத்தரவு. கரண்டியைக் கொண்டுவருகிறேன். உப்பு நீங்களே போடுங்கள்.

இன்னொன்று. இன்றைக்குக் காலண்டரை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். புது ஆணி அடித்தது தையல்காரர். கல்யாண போட்டோவில் உங்களைப் பார்த்தால் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய முகம். முடி முழுக்கக் கறுப்பு. இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கே மறந்துவிட்டது. அந்தப் பழைய ஆணி சும்மாதான் இருக்கிறது. அதில் மாட்ட, உங்கள் வீட்டு அடுப்படியில் நின்று, பச்சைக் கிண்ணத்தோடு, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி