வெயிலில் வைத்த தட்டுகள்

தருமபுரம், 1997 ஐப்பசி, சஷ்டி விரதம் முதல் நாள்

என் கணவர் சண்டையால் இடம்பெயர்ந்து வந்த மருத்துவ மாணவர்களுக்குக் கிருமியியல் படிப்பிக்கிறது எங்கட முன்னறையில்தான். மின்சாரம் இல்லை. கிருமி வளர்க்கிற தட்டுகளுக்கு என் குசினி அடுப்படிச் சூடுதான். வெப்பமானி பார்க்க நானாகவே பழகி, மணிக்கொருக்கால் கொப்பியில் எழுதி வருகிறேன். ஒருநாளும் பிழை விட்டதில்லை.

இன்று விரதத்துக்குக் குசினியை மெழுகினேன். கிருமிக்குத் தீனியாக ஆட்டு ரத்தம் கலந்த அந்தத் தட்டுகளை உள்ளே வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று முற்றத்தில் வைத்தேன். பூசை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் வெயிலில் காய்ந்து சுருங்கிக் கிடந்தது.

"என்னப்பா செய்தனீர்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர காய்ச்சல் கிருமியல்லோ அது! எந்த மருந்து கேக்குமெண்டு பார்க்க இனித் திரும்ப மூண்டு நாள் வேணும்" என்றார். மாணவர்கள் காய்ந்த தட்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பிள்ளைக்கு இன்று பத்தாம் நாள் காய்ச்சல்.

பின்னேரம் பிள்ளையின் தாய் வேலியடியில் நின்று, "அக்கா, முடிவு வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

"நாளைக்கு" என்றேன்.

விரத வாயால் பொய். முருகா, என்னைத் தண்டி. அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் குடு.