லாயரம்மாவின் அண்ணன்

ரிமாண்டு சிறை
மார்ச் 6

அன்புத் தங்கச்சி நலிஷெபோ,

நலமா? ஊரில், மோங்குவில், அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

வியாழக்கிழமை எங்கள் கூடத்து டிவியில் 'பயிற்சி வழக்கறிஞர்கள்' தொடர் நாடகம் போட்டார்கள். கறுப்புக் கோட்டில் நீ! "டேய், என் தங்கச்சிடா!" என்று கத்திவிட்டேன். இப்போது என் பாய்க்கு முன்னால் வரிசை நிற்கிறது. கிழவர் முபிதா கேட்கிறார்: "உன் தங்கச்சிகிட்ட என் ஜாமீனுக்குச் சொல்லுப்பா." அவள் நடிகைதான் என்று நான் சொன்னால், "ஒண்ணும் தெரியாமலா இத்தனை சட்டம் பேசுறா?" என்கிறார்.

என் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. கிடங்கில் செம்புக் கம்பி திருடுபோன இரவு, அங்கே நின்ற லாரி என்னுடையது, அது உண்மை. ஆனால் கிடங்கு கேட்டின் சாவி காவலாளியிடம்தானே? அதை யாரும் கேட்கவில்லை. வக்கீலும் கிடையாது.

ஒருமுறை வந்து போ. சோப்பு கொண்டு வா.

உன் அண்ணன்,
லிகாண்டோ

லுசாகா
மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

மாமா மகள் ம்வாங்காலா சோப்பும் காய்ந்த கபெந்தா மீனும் கொண்டு வருவாள். எனக்குப் படப்பிடிப்பு விடாமல் இருக்கிறது. இங்கே யாருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே. சோப்பு விளம்பரத்துக்கும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஜெயில் என்று காதில் விழுந்தால் விட்டுவிடுவார்கள்.

ஒன்று செய்தேன். பக்கத்து வீட்டுப் பையன் கதை என்று சொல்லி, உன் கதையைக் கதாசிரியரிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் வருகிறது. அந்தச் சாவிக் கேள்வியை நான்தான் கேட்கிறேன். கேட்கும்போது நிஜமாகவே அழுதேன் அண்ணா.

உன் நலி

ரிமாண்டு சிறை
ஏப்ரல் 15

நலி,

பார்த்தோம். நீ "சாவி யாரிடம் இருந்தது?" என்றதும் டிவியில் காவலாளி உளறினான், டிரைவர் விடுதலையானான். கூடமே என்னைத் தோளில் தூக்கி ஆடியது.

அதற்கடுத்த செவ்வாய் என் விசாரணை வந்தது. காவலாளி சாட்சிக் கூண்டில் நின்றான். நானே எழுந்து கேட்டேன்: "ஐயா, கேட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அரசுத் தரப்பு வக்கீல் சிரித்தார். "என்னப்பா, வியாழக்கிழமை டிவில பாத்தியா?"

கோர்ட்டே சிரித்தது. முகம் வெளுத்து நின்ற காவலாளியும் சிரித்துக்கொண்டான். அப்புறம், "எனக்கு ஞாபகமில்லீங்க" என்றான். மாஜிஸ்திரேட், "இது நாடக மேடையில்லை, உட்காரு" என்றார்.

ஐந்து வருடம்.

எனக்கென்று இருந்தது அந்த ஒரு கேள்விதான் நலி.

லிகாண்டோ

லுசாகா
ஏப்ரல் 27

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரம் போனது, போகட்டும். எங்கள் வசனத்தில் சட்டப் பிழை பார்க்க வரும் இனோங்கே நிஜ வழக்கறிஞர். போன மாதம்தான் பதவிப்பிரமாணம் எடுத்தவள். அப்பீல் போடுகிறாள், நாள் குறைவு, உன் கையெழுத்து வேண்டும்.

ஞாயிறு வந்தேன். அப்பீல் தாளை உள்ளே அனுப்பினேன். வெயிலில் நின்றேன். வார்டர் திரும்பி வந்து, "அவன் வரமாட்டேங்கிறாம்மா" என்றார்.

ஏன் அண்ணா? திட்டவாவது வந்திருக்கலாமே.

நலி

ரிமாண்டு சிறை
மே 2

நலிஷெபோ,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இனோங்கே வரட்டும், எல்லாம் சொல்கிறேன்.

அன்று நான் வந்தேன். கம்பிவேலி வரை வந்தேன். வார்டர்கள் நாடகத்துப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டார்கள். நீ திரும்பினாய். படம் எடுத்தார்கள், சிரித்தாய். உன்மேல் தப்பில்லை; சிரிக்காவிட்டால் தாளை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கோர்ட்டில் கேட்ட சிரிப்பு காதுக்குள் வந்துவிட்டது. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

நாளை எங்களைத் தண்டனைக் கைதிகள் சிறைக்கு மாற்றுகிறார்கள். எங்கே என்று இனோங்கேவுக்குச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சொல்கிறேன். நீ கேட்காதே. தேடி வராதே.

அங்கே யாராவது "உனக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" என்றால், இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

லிகாண்டோ