முன்சுவர்க் கண்ணாடிக்கு நான் போட்ட காவல்

மார்ச் 3, திங்கள்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசிக்கப் போவது நான் ஒருவன்தான் என்றாலும் சொல்லிவிடுகிறேன். 'ழ' போட்டால் பேனா எங்கோ ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. மாலை வகுப்பில் நானும் வீட்டுக்காரியும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அவள் கதைப் புத்தகத்துக்குப் போய்விட்டாள். நான் இன்னும் வாக்கியத்தில் நிற்கிறேன். ஆனால் பார், அரைப் பக்கம் வந்துவிட்டேன்!

நான் காவல் காக்கும் ஆபீஸ் கட்டடத்துக்கு முன்பக்கம் கல்லும் இல்லை, பூச்சும் இல்லை. கறுநீலக் கண்ணாடித் தகடுகள்தான் சுவர். வெயிலைக் குடித்துக் கரண்ட் தருமாம். உள்ளே ஆள் இல்லையென்றால் விளக்கு தானே அணையும். கழிவறையில் அசையாமல் உட்கார்ந்தால் என்னையும் ஆள் இல்லை என்று முடிவுகட்டி அணைத்துவிடுகிறது. கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதை நான் காவல் காக்கிறேனா, இது என்னைக் காவல் காக்கிறதா?

மார்ச் 4, செவ்வாய்

வரவேற்பறைத் திரையில் முன்சுவர் எவ்வளவு கரண்ட் தருகிறது என்று எண் ஓடும். உச்சி வெயிலில் நாற்பத்தாறு. நானே வாசித்தேன். யாரையும் கேட்கவில்லை!

மார்ச் 5, புதன்

தெருவில் போகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருகிறார்கள். ஒருவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். தலை வாரக் கையை எதற்கு வைக்க வேண்டும்? ஆள் சரியில்லை.

பெரிய அட்டை ஒன்றில் கறுப்பு மையால் எழுதினேன்: 'கண்ணாடியைத் தொடாதீர்கள்!'

"ஏங்க, கடைசியில அந்தக் குச்சியும் புள்ளியும் எதுக்கு? மெரட்டுறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"ஆமா. மெரட்டத்தான்."

மார்ச் 6, வியாழன்

காலையில் அட்டையை வாசலோரத் தகட்டின்மேல் டேப் போட்டு ஒட்டினேன். ஒரு பெண் வாசித்துவிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். என் எழுத்து ஒரு கையை நிறுத்திவிட்டது! இன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உச்சி வெயிலில் எண் முப்பத்தொன்று. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

யார்? அந்த எலக்ட்ரீஷியன் பெண்மேல்தான் எனக்குக் கண். புதிது, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வேலையாட்களுக்குப் பின்வாசல்தான் என்பதால் அவள் என் பக்கமே வருவதில்லை. சுவருக்குப் பின்னால் ஒயர் ஓடும் சந்துக்குள் நுழைந்தால் வெளியே வர நேரமாகிறது. பின்பக்கம் போய்க் கேட்டேன்.

"உள்ள என்னம்மா பண்ற?"

"ஒயர் பாக்கறேன், பெரியவரே."

"இவ்வளவு நேரமா?"

"ஒயரும் அவ்வளவு இருக்கே."

பதில் தயாராக வைத்திருந்தவள் மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழ்வரிசையில் இன்னும் இரண்டு அட்டை ஒட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

பத்தொன்பது. இன்னும் அட்டை ஒட்டினேன்.

மேனேஜர் கேட்டார், எதையாவது கவனித்தேனா என்று. "அந்தப் பொண்ணு உள்ள போறா, எண்ணு எறங்குது சார். நான் பாத்ததைச் சொல்றேன்" என்றேன். பார்த்ததைத்தானே சொன்னேன்?

மார்ச் 11, செவ்வாய்

பன்னிரண்டு. வீட்டில் அட்டை தீர்ந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள். பின்வாசலைத் திறக்கும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டதால் முன்வாசல் வழியாக வந்தாள். பையைத் திறக்கச் சொன்னேன். கையுறை, சாப்பாட்டு டப்பா, அவளுடைய ஸ்பேனர். அடியில் ஏதாவது இருக்கும் என்று நான் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று சிரித்தாள். எனக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

"இதெல்லாம் யாரு ஒட்டினது?"

"நான்தான். நானே எழுதினேன்."

"ஒண்ணைக் கழட்டிட்டுப் போய்த் திரையைப் பாருங்க."

கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். எண் ஏறியிருந்தது. இன்னொன்று. இன்னும் ஏறியது. அய்யோ.

"எல்லாத் தகடும் ஒண்ணோட ஒண்ணு கோத்தது பெரியவரே. தண்ணி பாய்ச்சுற ரப்பர் குழாய் மாதிரி. ஒரு இடத்துல மிதிச்சா மொத்தமும் திணறும். நீங்க அட்டையால வெயிலை மறைச்சு வரிசையா மிதிச்சிருக்கீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. "அந்தச் சந்துக்குள்ள எத்தனை ஒயரை அவுத்து அவுத்துப் பாத்தேன் தெரியுமா? என்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

மீதி அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேனேஜர்கிட்ட யாரு சொல்றது, நீங்களா நானா?"

"நீ இங்கயே இரு. நான் போறேன்."

அட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "தெனமும் கார்ல வரும்போது பாக்கறேன். ஹெட் ஆபீஸ்ல அச்சடிச்சு அனுப்பினதுன்னுல்ல நெனச்சேன்!"

அந்த நேரத்திலும் ஒரு கணம் மனசு குளிர்ந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா? பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே போனதற்கும் எண் இறங்கியதற்கும் சம்பந்தமில்லை, இறக்கியது நான் என்று. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். அவள் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரி கேட்டுவிட்டுக் கறுப்பு மையை எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

நாற்பத்தாறு.

ஒரே ஒரு அட்டை இப்போது செடிகளுக்கு நடுவில் கம்பு நட்டு நிற்கிறது. நிழல் எங்கே விழும் என்று பார்த்து இடம் சொன்னவள் அவள்தான். ஆச்சரியக்குறியை மட்டும் நான் அடித்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் வேலைக்கு முன்வாசல் வழியாகவே வந்தாள். வேலையாட்களுக்குப் பின்வாசல் என்று நான் சொல்லவில்லை. அவளே நின்று பையை நீட்டினாள்.

"என்ன பெரியவரே, சோதனை இல்லையா?"

"போம்மா, நேரமாச்சு."

முன்சுவரின் மேல் விளிம்பில் ஒரு காகம் மூன்று நாளாக வந்து உட்காருகிறது. காரணமில்லாமல் அது அங்கே வராது. என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.