மேசையில் நாலாவது ஆள்

ஜூன் 6, வெள்ளி

மழை. காலையில் இரணியல் ஸ்டேஷனில் நின்ற இடத்திலேயே நனைந்தாச்சு. குடை ஆபீசில் கிடக்கு. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது சேலை பாதி காய்ந்திருந்தது. போனதுமே மேனேஜர் டைல்ஸ் ஸ்டாக் கணக்கை எடுத்து நீட்டினார். சவம், திங்கள்கிழமை கேட்டால் ஆகாதா.

சாயங்காலம் வழக்கம்போல நாங்க மூணு பேரும். தம்பானூர் பக்கம் அந்த மாடிக்கடை. வாரம் பூரா டிபன் பாக்ஸ் சோறு. வெள்ளிக்கிழமை மட்டும் ஊர் வண்டி ஏறுமுன் எங்கயாவது உட்கார்ந்து சூடா தின்னணும். தினசரி வண்டியில் போய் வந்து கூடின சிநேகம், அதிலிருந்து வந்த வழக்கம்.

நசீமா (லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, வாயும் ஊசிதான்): புரோட்டா, பீஃப் ரோஸ்ட்.
ஷீபா (கண்ணாடிக்கடை கவுண்டர்): மசாலா தோசை. இந்த ஊர் மசாலாவில் பீட்ரூட் போடுவான், செக்கச்செவேல்னு இருக்கும். அவளுக்கு அதுதான் வேணும்.
நான்: டீ மட்டும்னு சொல்லிட்டு ரெண்டு தட்டிலும் கை.

தோசை வந்தது, கூடவே போனும் வந்தது. ராஜன், ஷீபா வீட்டுக்காரர், கல்ஃபிலிருந்து வீடியோவில். தண்ணி ஜக்கில் போனைச் சாய்ச்சு வச்சாள். அவர் பார்க்க, நாங்க தின்ன.

“எல்லாருக்கும் சுகந்தானே?” சிரிச்ச முகம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. “ஷீபா, போனைக் கொஞ்சம் திருப்பு. பின்னால ஆரு இருக்கா?”

திருப்பினாள். பின்னால் ஒரு பெரியவர் வடையை சாம்பாரில் முக்கிக்கிட்டிருந்தார்.

“செரி செரி. சாப்பிடுங்க.” ஆனா போனை வைக்கலை. கடைசி வாய் வரைக்கும் அந்த முகம் ஜக்கில் இருந்தது.

கை கழுவுற இடத்தில் கேட்டேன். “ஏட்டி, உனக்கு எரிச்சல் வராதா?”

“என்னத்துக்கு? பாசம்ல்லா.”

சொல்லிட்டுக் கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

ஜூன் 7, சனி

லீவு. வெயிலும் மழையும் மாறி மாறி. துணி காயலை. அண்ணன் சாளை மீன் வாங்கிட்டு வந்தான், மைனி தலைவலின்னு படுத்துட்டா. நான்தான் உட்கார்ந்து செதில் எடுத்தேன். கல்யாணம் கெட்டாமல் அண்ணன் வீட்டில் இருக்கிறவளுக்குத் தலைவலி வரக்கூடாது.

மீன் கழுவும்போதும் அந்த ஜக்குதான் ஞாபகம். முன்னாடி எப்பவாவது கூப்பிடுவார். பிறகு வாராவாரம். இப்போ தோசைக்கு முந்தி வந்துருது.

நசீமாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவள்: “நீ சும்மா இரு விஜி. நீ ஏதாவது செய்யப் போனா அவ தலையிலதான் வந்து விடியும். கேட்டியா?”

கேட்டேன். கேட்டு என்ன. மனசு வெப்ராளமாத்தான் இருக்கு.

ஜூன் 13, வெள்ளி

 எழுதிட்டுப் படுக்கணும்.

இன்னைக்கு சாலை பஜார் பக்கம் ஒரு சின்னக் கடை. சாப்பாடு முடிச்சு போளியும் பால் பாயசமும் தின்போம்னு போன வாரமே பேசி வச்சது. ஷீபா கை கழுவப் போகும்போது பையை எங்கிட்ட தந்தாள். போன் மேலேயே கிடந்தது. எடுத்தேன், ஃப்ளைட் மோடில் போட்டேன், பழையபடி உள்ளே வச்சேன். யோசிச்செல்லாம் செய்யலை. ஒரு நேரமாவது அவ நிம்மதியா திங்கட்டும்னு ஒரு இது.

வந்து உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். “நெட்வொர்க் இல்ல போல. மழைல்லா,” என்றேன். வாய் கூசாமல்.

கொஞ்ச நேரத்தில் மறந்துட்டாள். ஐயோ, அந்தப் பேச்சு! அவ கடை முதலாளி தன் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வச்சுக்கிட்டே கடை முழுக்கத் தேடின கதையை எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினாள். நசீமா தட்டிலிருந்து கோழிக்காலை உருவினாள். போளியைப் பிசைஞ்சு பாயசம் ஊத்தி, முழங்கை வரைக்கும் வழிய வழிய நக்கினாள். இவ்வளவு பேசுவாளா இவ? இத்தனை நாள் இந்த ஷீபா எங்க இருந்தா? என் பங்குப் போளியையும் அவ பக்கம் தள்ளினேன்.

நெய்யாற்றின்கரை தாண்டினதும் பயம் வந்துட்டு. போனை வாங்கி சரி பண்ணிக் கொடுத்தேன். அவள் கையிலேயே கிடந்து துடிச்சுது. ராஜன், ராஜன், மாமியார், கொழுந்தன், ராஜன்.

“நீயா செஞ்ச?”

“ஆமா.”

போனை மடியில் கவிழ்த்து வச்சாள். ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தாள். இரணியலில் கொழுந்தன் பைக்கோடு நின்னான், மழையில். “ஏறுங்க மைனி.” மரியாதையாத்தான் சொன்னான். ஏறிப் போயிட்டாள். திரும்பிப் பார்க்கலை.

நசீமா என்னைத் திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும். “வா, ஆட்டோ பிடிப்போம்,” என்றாள்.

ஜூன் 16, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். வண்டியில் ஷீபா இல்லை. பக்கத்துச் சீட்டில் பை வச்சுப் பிடிச்சிருந்தேன். குழித்துறையில் ஒரு அக்கா “ஆள் வருமா வராதா?” என்று கேட்டது. பையை எடுத்தேன்.

போன் அடிக்குது, எடுக்கலை. ஆபீசில் ரெண்டு பெட்டி டைல்ஸ் உடைஞ்சு வந்திருக்கு, அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

ஜூன் 18, புதன்

ஷீபா வந்தாள். வேலைக்கு இல்லை. வேலையை விட்டுட்டேன்னு கடையில் சொல்லிட்டு வர. கொழுந்தனும் கூட வந்து அடுத்த பெட்டியில் ஏறியிருந்தான்.

“நான் ராஜன்ட்ட பேசட்டா? தப்பு எனக்குள்ளதுதானே.”

“பேசாத மக்கா. உன் கால்ல விழுறேன், பேசாத.”

முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

சொன்னதைக் கேட்டால் நான் விஜி இல்லையே. மத்தியானம் ராஜனைக் கூப்பிட்டேன். போனை அணைச்சது நான், அவளுக்குத் தெரியாது, அவளை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு மூச்சு விடாமல் ஒப்பிச்சேன்.

“எனக்கு ஒரு கோபமும் இல்ல அக்கா. வேலை மதி, போதும்னு அவளேதான் பறஞ்சா. உங்களுக்குக் குடும்பம்னு ஒண்ணு இல்லாததுனால இதெல்லாம் விளங்காது. தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டியளா?”

செரின்னு சொன்னேன். மேனேஜரையே வாயால் கிழிக்கிறவ நான். அந்த ஆள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பத்து திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்படித் தேனா பேசுறவன்ட்ட என்னத்தைப் பேச. அழுகையா வருது. எளவு, அதுவும் ஆபீஸ் பாத்ரூமில் போய்.

ஜூன் 22, ஞாயிறு

நானும் நசீமாவும் ஷீபா வீட்டுக்குப் போனோம். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள. அரண்மனை பார்க்க வந்த வண்டிகள் நிறைய, நடக்க வழி இல்லை. பழபஜ்ஜி வாங்கிட்டுப் போனோம், வெறுங்கையோட எப்படிப் போக.

மாமியார் நல்ல மாதிரியாத்தான் வாங்கன்னு சொன்னாங்க. பிறகு எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாங்க. எழும்பவே இல்லை. “காலம்பற இருட்டோட ஓடி, ராத்திரி இருட்டோட வந்து... என்னத்துக்கு? எனக்க மோன் இவளுக்கு என்ன குறை வச்சான்?”

குறை ஒண்ணும் கண்ணில் படலை. பெரிய டிவி, பெரிய பிரிட்ஜ். ஹால் மூலையில் புதுசா ஒரு கேமரா, சின்ன சிவப்பு வெளிச்சத்தோட. ராஜன் அங்கேயிருந்தே போனில் பார்ப்பாராம். மாமியார் பெருமையாச் சொன்னாங்க. அதுக்குப் பிறகு நாங்க மழையைப் பத்தியும் மீன் விலையைப் பத்தியும் பேசினோம்.

ஷீபா தோசை சுட்டாள். பீட்ரூட் மசாலா, அந்தக் கடை மாதிரியே. அவள் உட்காரலை, சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்தாள். “நல்லா இருக்கா? உப்பு செரியா?”  நசீமா மூணு தோசை தின்னாள். வயிறு நிறைஞ்ச பிறகும் தின்னாள்.

தனியா ஒரு வார்த்தை பேசலாம்னு அவளை வாசல் கேட் வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். கேட்டுக்கு மேலேயும் ஒரு கேமரா.

“மன்னிச்சிருட்டி,” என்றேன், வாயைச் சேலையால் துடைக்கிற மாதிரி மறைச்சு.

“பஸ் வரும், போங்க,” என்றாள். ஆனா கையை விடலை. நான்தான் உருவினேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் தூறல். ஆபீசில் கரண்ட் இல்லை, பாதி நாள் சும்மா. செருப்பு வார் அறுந்து போச்சு.

சாயங்காலம் நேரே ஸ்டேஷன் போயிரலாம்னு நான். நசீமா விடலை. “நாமளும் நிறுத்தினா, பிறகு அவளுக்குத் திரும்பி வர இடமே இல்லாமப் போவும்.” அதே மாடிக்கடை. அவளுக்குப் புரோட்டா, எனக்கு வெறும் டீ. ரெண்டு பேரும் போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

என் போன் அடிச்சுது. வீடியோ. ராஜன்.

எடுத்தேன். சிரிச்ச முகம், ஆனா நெற்றி வேர்த்திருந்தது.

“அக்கா, ஷீபாவைக் கேமராவில காணல்ல. போனும் எடுக்கல்ல. அம்மா கோயிலுக்குப் போயிருக்கு. அங்க உங்ககூட வந்தாளா?”

“இல்ல.”

“நம்பாம இல்ல. போனைக் கொஞ்சம் திருப்புவியளா?”

நசீமா வேண்டாம்னு தலையாட்டினாள். எனக்கும் தெரியும். உன் பெண்டாட்டி என்ன கள்ளியா, நான் என்ன உனக்குக் காவல்காரியா? நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. போனை வச்சிரலாம். வச்சால் இவர் அடுத்தாப்ல கொழுந்தனைக் கூப்பிடுவார். கொழுந்தன் பைக்கை எடுப்பான். அவள் எங்க இருந்தாலும், என்ன செஞ்சிட்டிருந்தாலும், கஷ்டம் அவளுக்குத்தான்.

திருப்பினேன். நசீமா, பக்கத்து மேசை, கல்லாப்பெட்டி, கை கழுவுற இடம். பையப் பைய, எல்லாம் தெரியுற மாதிரி. படிக்கட்டு வரைக்கும் எழுந்து போய்க் காட்டினேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

“ரொம்ப உபகாரம் அக்கா. நீங்க சாப்பிடுங்க.”

வண்டியில் பாறசாலை தாண்டும்போது ஷீபா மெசேஜ்: “பின்னால முருங்கைக்கீரை பறிச்சிட்டு நின்னேன்டி. கேமரா அங்க எட்டாது. போன் உள்ள கிடந்து. நல்லவேளை நீ காட்டின. இனியும் அவரு கேட்டா உடனே காட்டிரு, என்ன?”

நசீமாவிடம் போனை நீட்டினேன். வாசிச்சுட்டுத் திருப்பித் தந்தாள்.

காட்டுறேன்னு பதில் போட்டேன்.